கால் எடுத்த இடங்கள்

எதை அழிக்கச் சொல்கிறேன் என்று தெரியாமலேயே, அந்த வண்டியின் நினைவை அழித்துத் தரும்படி மூன்று வாரம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வாரமும் அது அழியாமல் தப்பியதற்கு ஒரு விதிமுறை காரணம். ஒரு மெக்கானிக்கின் பிடிவாதமும் காரணம். இரண்டுக்கும் நான் நன்றியுடையவன்.

விதிமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்கள் தம்மை ஓட்டுபவரின் காலைக் கற்றுக்கொள்ளத் தொடங்கிய பிறகு வந்த விதி அது. ஒருவர் ஆக்ஸிலரேட்டரை எங்கே அழுத்துகிறார், எங்கே தளர்த்துகிறார், எதைக் கண்டு தளர்த்துகிறார் என்பதையெல்லாம் வண்டி தன் கேமராக்களின் துணையோடு கவனித்துவரும். சில மாதங்களில், அவர் நினைப்பதற்கு அரை நொடி முன்பே அதைத் தானே செய்துவிடும். இதைப் பயிற்சி என்பார்கள். வண்டி கைமாறினால் பயிற்சியும் கூடவே போகும். ஆனால் அதை அழிப்பதற்கு, யாருடைய காலிடமிருந்து வண்டி கற்றதோ அவருடைய கையெழுத்து வேண்டும். ஒருவரின் பழக்கம் அவருடைய உடலைச் சேர்ந்தது என்பது அந்த விதியை எழுதியவர்களின் எண்ணம். எனக்கு அப்போது அது வெறும் அலுவலகத் தொல்லையாகவே பட்டது.

நான் கணபதி பகுதியில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் வடிவமைப்பாளன். முப்பத்தேழு வயதில், வீட்டிலும் அலுவலகத்திலும் ஒருவர் விடாமல் சிரித்த பிறகும், இரண்டே இருக்கை கொண்ட ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பழைய வண்டிக் கடையில் வாங்கினேன். பெட்ரோல் வண்டி. ஐந்து நொடியில் நூறு கிலோமீட்டர் வேகம் என்று அதன் கையேடு சொன்னது. ஊருக்கு வெளியிலுள்ள ஓடுதளத்தில் சொந்த வண்டிக்காரர்களுக்கு அடுத்த மாதம் நடக்கவிருந்த நேரப் போட்டிக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.

வாங்கிய மறுநாளே வண்டி மந்தம் என்று தெரிந்துவிட்டது. மிதித்தால் ஒரு கணம் பாயும். பிறகு யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தாற்போல் தளரும். சிங்காநல்லூர் சிக்னலைத் தாண்டியதும் அப்படித் தளர்ந்தபோது, பின்னால் வந்த ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, சாமி ஊர்வலமுங்களா? சொன்னா நாங்களும் மேளம் கொண்டாந்திருப்போம்ல.”

அன்றே போத்தனூருக்குப் போய் மெக்கானிக் ஸ்டானிஸ்லாஸ் அண்ணனிடம் வண்டியை விட்டேன். அறுபத்து மூன்று வயது. வெள்ளை அரைக்கைச் சட்டை. பையில் எந்நேரமும் மூன்று பேனா. பெட்ரோல் வண்டிகளை இன்னும் காதால் கேட்டுப் பழுது பார்க்கிறவர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்த வண்டியை விடியற்காலை ஐந்தரை மணிக்கு, ஆளரவமற்ற பைபாஸ் சாலையில், தனியாக ஓட்டிப் பார்ப்பார். கூட்டத்தில் எஞ்சின் பேசுவது கேட்காது என்பது அவர் கொள்கை.

முதல் வாரம் ஏர் ஃபில்டரை மாற்றி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். “பறக்குது தம்பி, எடுத்துட்டுப் போங்க” என்றார். எடுத்துக்கொண்டு போனேன், உக்கடம் தாண்டுவதற்குள் தளர்ந்தது. இரண்டாம் வாரம் பெட்ரோல் பம்பின் அழுத்தத்தை அளந்தார். டர்போவுக்குப் போகும் குழாய்களில் சோப்பு நுரை தடவிக் கசிவு தேடினார். புகைக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்த்தார். மறுபடியும் பைபாஸில் பறந்தது. மறுபடியும் என்னிடம் தளர்ந்தது.

“உங்க செருப்பக் கொஞ்சம் காட்டுங்க தம்பி.”

“எதுக்குங்ணா?”

“அடி மெத்துமெத்துன்னு இருக்குதான்னு பாக்கறேன். வண்டியில ஒரு குத்தமும் இல்ல. மிச்சம் இருக்கறது நீங்கதான்.”

“பேசாம பயிற்சிய அழிச்சுருங்ணா. புது வண்டியாட்டம் ஆயிரும்ல?”

“ஆகும். அதுக்குப் பழைய ஓனரு கையெழுத்து வேணும். அது இருந்தாலும் நான் செய்ய மாட்டேன். என்ன நோவுன்னு தெரியாம மாத்திரை குடுக்கற பழக்கம் எனக்கில்ல.”

மூன்றாம் வாரம் எனக்குப் பொறுமை தீர்ந்தது. நட்டநடு மத்தியானத்தில், ஊருக்குள், நான் ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள் என்றேன். பழுது பார்க்கும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்காருவதை அவர் கௌரவக் குறைவாகவே கருதினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாவெறுப்பாக ஏறிக்கொண்டார்.

உக்கடம் பேருந்து நிலையம், டவுன்ஹால், அரசு மருத்துவமனை வாசல், அவிநாசி சாலை, அங்கிருந்து திரும்பிப் பேரூர் கோயில் வரை போனோம். வண்டி தளர்ந்த இடங்களையெல்லாம் பழுதுகளை எழுதும் ஜாப் கார்டின் பின்புறம் அவர் குறித்துக்கொண்டே வந்தார். பேரூரில் ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தச் சொல்லி, குறித்ததை எனக்குப் படித்துக் காட்டினார்.

“பஸ் ஸ்டாண்டு. ஆஸ்பத்திரி கேட்டு. டீக்கடை நாலு. கோயில்ல அன்னதானத்துக்கு நிக்கற வரிசை. இதுல காலேஜு ஒண்ணுகூட இல்ல, கவனிச்சீங்களா? அவ்வளவு பசங்க ரோட்டுல நின்னாங்க, வண்டி பாட்டுக்குப் போச்சு. லேடீஸ் நின்ன பஸ் ஸ்டாப்புலயும் போச்சு.”

“கூட்டத்துக்குத் தளரலீங்களா அப்ப?”

“இது ரோட்டப் பாக்கலீங்க தம்பி. ஆளப் பாக்குது.”

உடனே ஒரு சோதனை வைத்தார். கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஆள் நடமாட்டமில்லாத ஒரு சாலையில் அவர் ஓரமாக நின்றுகொள்ள, நான் அவரைக் கடந்து ஓட்டினேன். வண்டி தளர்ந்தது. திரும்பி வந்தபோது அவர் ஒரு மின்கம்பத்தின் பின்னால், பாதி வயிறு வெளியே தெரிய, ஒளிந்திருந்தார். வண்டி சற்றே தயங்கிப் பாய்ந்தது. மூன்றாம் முறை சுவருக்குப் பின்னால் முழுவதும் மறைந்துகொண்டார். அம்பு போலப் போயிற்று. அந்த வழியாகப் பால் கேனோடு வந்த ஒருவர், சுவருக்குப் பின்னாலிருந்து எழுந்த ஸ்டானி அண்ணனை நெடுநேரம் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

“என்னையப் போயித் தேடுது பாருங்க,” என்று மூச்சுவாங்க ஏறி உட்கார்ந்தார். “முப்பத்தஞ்சு வருசத்துல எம் பொண்டாட்டி இப்படித் தேடினதில்ல.” சிரித்தவர், கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார். “தம்பி, வண்டிக்குத் தானா எதுவும் தெரியாது. யாரோ ஒருத்தரு, வயசான ஆம்பளைங்க நிக்கற எடத்துல எல்லாம் காலை எடுத்திருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வருசக்கணக்கா. விடியக்காலம் பைபாஸ்ல எந்தப் பெரியவரு நிப்பாரு? அதான் எனக்குத் தெரியாமப் போச்சு. அது என் தப்பு.”

நோய் தெரிந்துவிட்டதால், அழிக்கும் படிவத்தோடு ஸ்டானி அண்ணனும் நானும் வண்டியின் முந்தைய உரிமையாளரைப் பார்க்க வடவள்ளிக்குப் போனோம். ரேணுகா என்று பெயர். ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். நாற்பது வயது இருக்கும். பயிற்சியை அழிக்கும் படிவம் என்று சொன்னதும் வீட்டுக்குள் அழைத்துத் தண்ணீர் கொடுத்தார். உணவு மேசையில் அவருடைய மகள் மிதுலா, பன்னிரண்டு வயது, வரைபடத்தில் ஆறுகளுக்கு நீல வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். கையெழுத்திட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்த பிறகுதான் ரேணுகா நிமிர்ந்தார்.

“எதுக்குங்க அழிக்கறீங்க? வண்டி நல்லாத்தானே ஓடும்.”

ஸ்டானி அண்ணன் சொன்னார். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, டீக்கடை, அன்னதான வரிசை. அவர் சொல்லச் சொல்ல, ரேணுகா பேனாவை மெல்லப் படிவத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

“நான் அதுக்குச் சொல்லிக் குடுக்கலீங்க,” என்றார்.

“யாரும் உக்காந்து சொல்லிக் குடுக்கறதில்லம்மா. கால் சொல்லும்.”

ரேணுகாவின் தந்தை ஜெகந்நாதன் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மாதம், உறவினர்கள் தலையில் அடித்துக்கொள்ள, அந்தச் சிவப்பு வண்டியை வாங்கினார். ஆறு வருடம் ஓட்டினார். பிறகு மறதி நோய் வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு முடி வெட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனவர், திரும்பவில்லை.

“எம் பேரு அவருக்கு மறந்து அப்பவே ஒரு வருசம் ஆயிருச்சுங்க. ஆனா இந்த வண்டிச் சத்தம் மறக்கல. தெருமுனையில வரும்போதே எந்திரிச்சு நின்னுக்குவாரு. அதனால இதுலயே போயித் தேடினேன். நான் அவரப் பாக்காம விட்டாலும், அவரு வண்டியக் கேட்டுருவாருன்னு ஒரு நெனப்பு. ட்யூட்டி முடிஞ்சு தெனமும் மூணு மணி நேரம். மூணு வருசமும் சில மாசமும்.”

“ஏனுங்க வித்தீங்க?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் மகளைப் பார்த்தார். “இவ பக்கத்து சீட்டுல உக்காந்திருப்பா. ஸ்கூல்ல நடந்தது ஏதாவது சொல்லிட்டே வருவா. ஒரு நாள், ‘அம்மா, நீ என்னையத் தவிர ரோட்டுல இருக்கற எல்லாரையும் பாக்கறே’ன்னா. அன்னிக்கு நிறுத்தினேன். இனித் தேட மாட்டேன்னு இவளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்து, அடுத்த மாசம் வண்டியக் கடையில விட்டேன்.”

மிதுலா வண்ணப் பென்சிலைக் கீழே வைத்தாள். “அம்மா, அப்ப அந்த வண்டி இன்னும் தாத்தாவத் தேடிட்டு இருக்குதா?”

ரேணுகா படிவத்தை இரண்டாக மடித்தார்.

“எனக்கு ஒரு வாரம் குடுங்க. நான் நிறுத்தினது வேற. இதுல கையெழுத்துப் போட்டா, இனி அவரத் தேட இந்த ஒலகத்துல ஒண்ணுமே இல்லீங்க. போடலைன்னா, ஒவ்வொரு தடவ போன் அடிக்கும்போதும், நீங்க அவரப் பாத்துட்டீங்களோன்னு நெனப்பேன். எது முடியும்னு யோசிக்கணும்.”

வெளியே வந்தோம். போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒரு வாரம் என்பது எனக்குப் பொருட்டாகவே படவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அந்த ஒரு வாரம் நான் வண்டியோடு சண்டையிடவில்லை. அது தளர்ந்தபோதெல்லாம், ஏன் தளர்கிறது என்று தெரிந்திருந்ததால், நானும் திரும்பிப் பார்த்தேன். இந்த ஊரில் இத்தனை முதியவர்கள் தனியே நிற்கிறார்கள் என்பதை அதற்கு முன் நான் அறிந்திருக்கவில்லை. பெரும்பாலோர் பேருந்துக்காகவோ பேச்சுத் துணைக்காகவோ நின்றவர்கள். ஒருவர் என் பார்வையை விரும்பாமல், “என்ன தம்பி, கடன் குடுத்தவனாட்டம் பாக்கறே?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தேடப்பட விரும்பாதவரும் அந்த வரிசைகளில் இருக்கலாம். அவர்களை வண்டியால் பிரித்தறிய முடியாது. என்னாலும் முடியவில்லை. அதனால் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன், ஐந்தாம் நாள் வரையில்.

ஐந்தாம் நாள் மத்தியானம் காரமடைக்கு முன்னால் ஒரு டீக்கடை அருகே வண்டி தளர்ந்தது. பெஞ்சின் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெயில் கொளுத்திய வேளையில் கம்பளிச் சட்டை அணிந்திருந்தார். ஒரு காலில் தோல் செருப்பு, மறு காலில் ரப்பர் செருப்பு. கடந்து போய்விட்ட பிறகே செருப்புகள் மனத்தில் பட்டன. திருப்பிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஐயா, எங்கீங்க போகோணும்?”

“வீட்டுக்கு.”

“வீடு எங்கீங்க?”

“அதத்தான் தம்பி நானும் எல்லாருகிட்டயும் கேட்டுட்டு இருக்கறேன்.”

அவர் ஜெகந்நாதன் அல்ல. ரேணுகாவின் வீட்டுச் சுவரில் பார்த்த படத்துக்கும் இவருக்கும், வயதையும் வெள்ளை மீசையையும் தவிர, எந்த ஒற்றுமையும் இல்லை. அவரைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனதும் அரைமணி நேரத்தில் விவரம் கிடைத்தது. தாராபுரம் பக்கத்து விவசாயி. ஆறு நாளாகக் காணவில்லை. மாலையில் அவர் மகன் வந்தார். அப்பாவின் இரண்டு செருப்புகளையும் கழற்றி, தன் செருப்பை அவர் காலில் மாட்டிவிட்டு, வெறுங்காலோடு என் முன் வந்து நின்றார்.

“உங்களுக்கு எப்படிங்க நன்றி சொல்றதுன்னு தெரியலீங்க.”

“எனக்கு வேண்டாங்க. நான் வண்டிய வேகமா ஓட்டத்தான் வாங்கினேன்,” என்றேன். அவருக்கு அது புரியவில்லை. புரிய வைக்கும் நிலையில் நானும் இல்லை.

அங்கிருந்தே ரேணுகாவை அழைத்தேன். அவர் உங்கள் அப்பா அல்ல என்பதை முதல் வாக்கியமாகச் சொன்னேன். அந்த ஒரு கணமும் அவருக்கு வேண்டாத நம்பிக்கையைக் கொடுத்துவிடக் கூடாதென்று. பிறகு நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டதெல்லாம் ஒரு மருத்துவப் பணியாளர் கேட்கக்கூடிய கேள்விகள்தாம்.

“கால்ல புண்ணு இருக்குங்களா?”

“லேசா. கட்டுப் போட்டாச்சுங்க.”

“ஆறு நாளு எங்க படுத்திருந்தாராம்?”

“டீக்கடைக்காரரு பின்னால சாக்கு விரிச்சுக் குடுத்திருக்காரு.”

“சாப்பாடு?”

“காலையில டீயும் பன்னும். மத்தியானம் பக்கத்து லேத்துப் பட்டறையில இருந்து ஒருத்தரு டிபன்ல பாதி குடுப்பாராம். கம்பளிச் சட்டை கூட யாரோ குளுருதுன்னு போட்டுவிட்டதுதானுங்க. அவரு யாருன்னு எவருக்கும் தெரியல. ஆனா பட்டினி கெடக்க விடல.”

அவர் அழுகிறார் என்பதை அது முடிந்த பிறகுதான் உணர்ந்தேன்.

“அப்ப எங்கப்பாவுக்கும் யாராவது வாங்கிக் குடுத்திருப்பாங்க,” என்றார். “நாலு வருசமா இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க. அவரு பசியோட நிக்கறதா மட்டுமே நெனச்சுட்டு, ஒவ்வொரு மூஞ்சியாத் தேடினேன். பக்கத்துல நின்னவங்களப் பாக்கவே இல்ல.”

மறுநாள் மிதுலாவையும் கூட்டிக்கொண்டு போத்தனூருக்கு வந்தார். மடித்த படிவத்தை விரித்து, பானெட்டின் மேல் வைத்து, நிதானமாகக் கையெழுத்திட்டார். ஸ்டானி அண்ணன்தான் தடுமாறினார்.

“அம்மா, இன்னொரு தடவ யோசிச்சுக்கங்க. இப்பத்தான் ஒரு குடும்பத்துக்கு…”

“யோசிச்சுட்டேனுங்ணா. அவரத் தேடினது நான் அவரு மேல வெச்ச பாசம். அதை ஒரு இரும்புகிட்ட விட்டுட்டு, அது என்ன சொல்லப்போகுதுன்னு காத்துட்டு இருந்தா, நான் இவளுக்குக் குடுத்த சத்தியம் பொய்யாயிரும். அழிச்சுருங்க. எனக்கு ஒண்ணும் கொறையாது. இத்தன நாள் அவருக்கு யாரு யாரு சோறு போட்டாங்களோ, அவங்களுக்கெல்லாம் நான் கடமைப்பட்டிருக்கேன். அது எனக்குப் போதும்.”

கடமைப்பட்டிருக்கேன் என்ற அந்தச் சொல்லை அவர் யாரை நோக்கியும் சொல்லவில்லை. அந்தப் பட்டறையின் வாசலுக்கு அப்பால், சாலையில் போய்க்கொண்டிருந்த யார் மேல் வேண்டுமானாலும் அது விழலாம் என்பது போல இருந்தது. அழிப்பதற்கு நான்கு நிமிடம் ஆயிற்று. அதுவரை மிதுலா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பள்ளியில் ஆசிரியரின் கண்ணாடியை ஒரு மாணவி ஒளித்து வைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரேணுகா கதவருகே நின்று, அவள் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வண்டி பறந்தது. உண்மையிலேயே ஐந்து நொடிதான். நேரப் போட்டியில் முப்பத்திரண்டு பேரில் பதினொன்றாவதாக வந்தேன். என் காலால் முடிந்தது அவ்வளவே. அலுவலகத்தில் சிரிப்பது நின்றது.

இரண்டரை மாதம் கழிந்த ஒரு சனிக்கிழமை, ஆயில் மாற்றுவதற்காகப் போத்தனூர் போனேன். போகிற போக்கில், வண்டி மறுபடி கொஞ்சம் மந்தமாக இருப்பது போலத் தெரிகிறது என்றேன். ஸ்டானி அண்ணன் இந்த முறை பானெட்டைத் திறக்கவில்லை. பயிற்சியைத் திரையில் எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அழிச்சது சரியா அழியலீங்களாண்ணா?”

“அதெல்லாம் சுத்தமாப் போயிருச்சு. இது புதுசு.” திரையை என் பக்கம் திருப்பினார். “முன்னால வயசான ஆம்பளைக்கு மட்டுந்தான் தளர்ந்துச்சு. இப்பப் பாருங்க. தனியா நிக்கற பாட்டியம்மா. கைக்கொழந்தையோட ரோட்டோரமா உக்காந்திருக்கற பொம்பள. வெயில்ல செருப்பில்லாம நடக்கறவன். மழையில ஸ்கூட்டரத் தள்ளிட்டுப் போறவன். எல்லாத்துக்கும் கால் எடுக்குது.”

“நான் அதுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கலீங்ணா.”

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் முன் நீட்டினார். “இந்தத் தடவ வடவள்ளிக்குப் போக வேண்டியதில்ல. உங்க கையெழுத்தே போதும்.”

நான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, பேனா கொண்டுவரவில்லை என்றேன். அவர் பையில் மூன்று பேனா இருந்தது. அவர் ஒன்றையும் எடுத்துத் தரவில்லை.